மயில் சேலையும் மான் துவக்கும்

எங்கள் வீட்டில் துவக்கு, அதுதான் துப்பாக்கி, இருக்கிறது என்று தெரிந்தால் தமிழ் ஆட்கள் குரலைத் தாழ்த்தி, ஏன் என்று கேட்பார்கள். டெனிஷ்காரர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்ன ரகம் என்று கேட்பார்கள். இரண்டு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியவர் என் கணவர். ஆனால் அவர் வாய் திறப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். அதனால் கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவருக்கு வரும் கேள்விகளுக்கெல்லாம் நான்தான் பதில் சொல்லி வருகிறேன், தெரிந்ததற்கும் தெரியாததற்கும்.

நாங்கள் ரண்டர்ஸில் இருக்கிறோம். அவருக்கு ஓர் உலோகத் தொழிற்சாலையில் லேத் மெசினில் வேலை. எனக்கு முதியோர் இல்லத்தில். நான் கிழவர்களை எழுப்பிக் குளிப்பாட்டி உட்கார்த்தி வைக்கும் நேரத்தில் அவர் இரும்பைச் சீவிக்கொண்டு நிற்பார். இரும்பு எதிர்த்துக் கதைக்காது என்பதுதான் அவருக்கு அந்த வேலையில் பிடித்த விஷயம் என்று நினைக்கிறேன்.

அவர் எல்லாத் துவக்கையும் சேர்ப்பவர் அல்ல. அவர் தேடுவது ஒரே வகை. இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்களில் ஜெர்மன்காரர் கையில் அகப்பட்டதைக் கொண்டு பொருத்திய பட்டாளத் துவக்குகள். அந்த நேரம் அவர்களிடம் நல்ல இரும்பும் இல்லை, நல்ல மரமும் இல்லை, நேரம் அறவே இல்லை. வேட்டைத் துவக்குச் செய்கிற கம்பனிகளில் விற்பனைக்கென்று செய்து கிடந்த பாகங்களை வாரி எடுத்தார்கள். மானுக்கும் பன்றிக்கும் என்று கடைந்த சாமானைப் பட்டாளத்துக் குழாயோடு பூட்டி, கழுகு முத்திரையைக் குத்தி அனுப்பினார்கள். அவர் இவற்றை மான் துவக்கு என்பார். எங்கள் வீட்டில் இப்போது அதுதான் பெயர்.

மற்றச் சேகரிப்பாளர்களுக்கு ஒரு துவக்கின் எல்லாப் பாகத்திலும் ஒரே இலக்கம் இருக்க வேண்டும். இலக்கம் பொருந்தாவிட்டால் சாதகம் பொருந்தாத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். இவருக்கோ பொருந்தாததுதான் வேண்டும். அவருடைய துவக்கு ஒன்றில் விசையைச் சுற்றியுள்ள இரும்பு வளையத்தில் ஓக் இலை செதுக்கியிருக்கிறது. அதுவும் அரைவாசிதான். வேட்டைக்காரப் பணக்காரன் ஒருவனுக்காக யாரோ செதுக்கத் தொடங்கி, காணும், போதும் விடு என்று யாரோ பறித்துக்கொண்டு போனது போல இலை நடுவில் நிற்கிறது. "அந்த மனிசன் அண்டைக்கு வீட்டை போய் என்னத்தை நினைச்சிருப்பான்?" என்று அவர் சோறு சாப்பிடும்போது கேட்பார். நான் அந்த ஜெர்மன் செதுக்குக்காரனுக்கும் சேர்த்துக் குழம்பு ஊற்றியிருக்கிறேன், அவ்வளவு தரம் அவன் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்திருக்கிறான்.

இது தொடங்கியது அவரோடு வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு டெனிஷ் மனிதரால். அவர் பழைய சேகரிப்பாளர். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவரைக் கோப்பிக்கு அழைத்து, தன்னிடம் இருந்த ஒன்றைக் கையில் கொடுத்திருக்கிறார். இவர் துவக்காக அதைப் பார்க்கவில்லை. குழாயின் மேல் லேத் மெசின் விட்ட கோடுகளைப் பார்த்திருக்கிறார். வழக்கத்தில் அதை அழுத்தித் துடைத்து மினுக்கி அனுப்புவார்களாம். இதில் அப்படியே விட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து குசினி வாசலில் நின்றார்.

"இஞ்சரும், வெளியிலை அவசரமாய் விட்டிட்டான். உள்ளுக்குப் பாத்தால் ஒரு பிழை இல்லை. ஆள் நல்ல வேலைக்காரன்."

"ஆர்?"

"அந்தக் குழாயைக் கடைஞ்சவன்."

பிறகு கொஞ்சம் பொறுத்து, தானும் ஒன்று வாங்கலாமோ என்று கேட்டார். நான் ஆட்டிறைச்சி கிண்டிக்கொண்டு நின்றேன். என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அகப்பையை நீட்டிக்கொண்டு கத்தினேன் என்பது மட்டும் நினைவு. என் அண்ணாவை ஊரில் சந்தியில் வைத்துச் சுட்டார்கள். சைக்கிளில் பாண் வாங்கப் போனவர். யார் சுட்டது என்று இன்றைக்கும் தெரியாது. எந்தப் பக்கத்துத் துவக்கு என்று தெரியாததால் எனக்கு எல்லாத் துவக்கும் அதே துவக்குத்தான். இதெல்லாம் தெரிந்த மனிதர் என்னிடம் வந்து துவக்கு வாங்கலாமோ என்று கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்? அவர் போய்ச் சோறு வடித்தார்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. பொலிசுக்கு எழுதி அனுமதி எடுத்தார். எங்கள் வீட்டுக் கெல்லரில், அதுதான் நிலத்துக்குக் கீழே உள்ள அறையில், உடுப்புத் தோய்க்கும் மெசினுக்கு எதிர்ப்பக்கம் ஒரு இரும்பு அலுமாரி வந்து சுவரோடு பூட்டுப்பட்டது. தோட்டா ரவை ஒன்றுகூட வீட்டில் இல்லை, போல்ட்டைக் கழற்றி வேறாக வைத்திருக்கிறேன், பயப்படாதேயும் என்றார். நான் பயப்படவில்லை. கோபமாக இருந்தேன். கொஞ்ச நாள் மகள் மூலமாகத்தான் கதைத்தேன். மகளோ சின்ன வயதிலேயே டெனிஷில்தான் பதில் சொல்லும் பிள்ளை. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்" என்று நான் சொல்ல, அவள் போய் அதை டெனிஷில் சொல்ல, அவர் ஓம் என்று தமிழில் திருப்பி அனுப்ப, எங்கள் சண்டைக்கு இரண்டு மொழி தேவைப்பட்டது.

சண்டை எத்தனை காலம் போகும்? அலுமாரியும் வீட்டோடு ஒரு ஆளாகிவிட்டது. நான் அதைச் சக்களத்தி என்று கூப்பிடப் பழகினேன். "சக்களத்தியிட்டைப் போகமுதல் குப்பையைக் கொண்டுபோய்ப் போடுங்கோ" என்பேன். சிரித்துக்கொண்டு போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே இருந்து எண்ணெய் மணம் படியேறி வரும். ஒரு பருத்தித் துணியோடு குந்தி இருந்து, பிள்ளைக்குத் தலை துடைப்பது போலத் துடைப்பார். நான் உடுப்புக் கூடையோடு போனால் அலுமாரிக் கதவைச் சாத்திவிடுவார். எனக்குக் காட்டக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். அந்தக் கவனத்துக்காகவே எனக்கு அவர் மேல் இரக்கமாக இருக்கும்.

ஒரே ஒருமுறை அவரோடு துவக்குப் பார்க்கப் போயிருக்கிறேன். விபோர்க்குக்கு அங்காலே ஒரு பண்ணை வீடு. கணவர் இறந்த ஒரு டெனிஷ் அம்மா, வீட்டை ஒதுக்குகிறார், ஒரு பழைய துவக்கு இருக்கிறது, பொலிசில் பதிந்ததுதான், வந்து பாருங்கள் என்று அந்த ஓய்வு பெற்ற நண்பர் மூலம் சொல்லியனுப்பினார். என்னையும் கூட்டிவரச் சொன்னாராம். என் கணவர் நெடுங்காலமாகத் தேடிய சாமான் அது. வேட்டைத் துவக்கின் கன்னம் வைக்கிற மேடையோடு உள்ள சோங்கு, அதுதான் தோளில் வைக்கிற மரப்பிடி, அதில் பட்டாள முத்திரை. அப்படி ஒன்றை அவர் படத்தில்தான் கண்டிருந்தார். போகும் வழியெல்லாம் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா கோப்பியும் கேக்கும் வைத்தார். ஒரு கேக் முடிய இன்னொன்று வந்தது. பிறகு அவர்கள் இருவரும் அடுத்த அறைக்குத் துவக்குப் பார்க்கப் போக, நான் அவருடைய தோட்டத்து ரோஜாக்களைப் பார்த்துக்கொண்டு மூன்றாவது கேக்கோடு இருந்தேன். எட்டிப் பார்த்தபோது என் கணவர் குழாயை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். கனநேரம் பார்த்தார். அந்த அம்மா ஏதோ சொன்னார். இவர் துவக்கை மேசையில் மெதுவாக வைத்துவிட்டு, நன்றி, வேண்டாம் என்றார்.

காரில் ஏறியதும் ஏன் என்று கேட்டேன். "குழாய் சரியில்லை" என்றார். அவ்வளவுதான். கனவில் கண்டதைக் கையில் கொடுக்க வேண்டாம் என்று வருகிற மனிதரை என்ன செய்வது? அந்தக் கதையை நான் சொல்லாத கலியாண வீடு இல்லை, சொல்லாத பிறந்தநாள் இல்லை. விபோர்க் வரைக்கும் போய்க் கேக் தின்றுவிட்டு வெறுங்கையோடு வந்த மாப்பிள்ளை என்று எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டில் மகள் ஒருநாள் தன் விருப்பத்தைச் சொன்னாள். கூடப் படித்த பெடியன். டோஸ்ட்ருப்பில் இருக்கிற யாழ்ப்பாணக் குடும்பம். பார்க்க நல்ல பிள்ளை, அம்மா அப்பாவுக்குத் தமிழில் பதில் சொல்கிற பிள்ளை. எனக்கு உடனே பிடித்துவிட்டது. தாய் தகப்பன் எங்களைப் பார்க்க வருகிறார்கள் என்றதும் வீட்டைத் தலைகீழாக்கித் துடைக்கத் தொடங்கினேன். அப்போதுதான் மகள் ஒரு விஷயம் சொன்னாள். பெடியனின் தகப்பனுக்குத் துவக்கைக் கண்ணில் காட்டக்கூடாதாம். அவருடைய தம்பி ஊரில் வெடிபட்டுச் செத்தது அவருடைய மடியிலாம். இங்கே புதுவருடத்துக்கு டெனிஷ்காரர் வாணம் விடத் தொடங்கினால் மனிதர் காரை எடுத்துக்கொண்டு போய் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் யன்னலை மூடிவிட்டு இருப்பாராம். எல்லாம் ஓய்ந்த பிறகுதான் வீட்டுக்கு வருவாராம்.

அந்த மனிதரைக் கொண்டுவந்து நான் எந்த வீட்டில் உட்கார வைக்கப்போகிறேன்?

"நான் குடுத்திடுறன்" என்றார் என் கணவர். கேட்டதும் கேட்காததுமாகச் சொன்னார். ஓய்வு பெற்ற நண்பருக்குத் தொலைபேசி எடுத்து, எல்லாவற்றையும் நீங்கள் எடுத்துக்கொள்ள ஏலுமோ என்றும் கேட்டுவிட்டார். அவ்வளவு லேசாகச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கொஞ்சமாவது முகம் சுளித்திருந்தால் நானும் சண்டை பிடித்திருப்பேன். அன்று பின்னேரம் கீழே போய் எல்லாவற்றையும் ஒருமுறை துடைத்தார், ஞாயிற்றுக்கிழமை இல்லாமலே.

ஆனால் துவக்கு என்ன, மிக்சியா, பக்கத்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க? பொலிஸ் அனுமதி மாற வேண்டும், அதற்குக் காலம் எடுக்கும். சம்பந்திமார் வருகிற நாள் அதற்கு முன்னால் வந்துவிட்டது. அலுமாரியை அசைக்க முடியாது. அந்த மூலைக்குக் கதவும் இல்லை. புதிதாக ஒரு வீட்டுக்கு வருகிற தமிழர், வீடு பார்க்காமல் போகமாட்டார்கள். மேலே படுக்கையறையில் தொடங்கிக் கெல்லரில் ஊறுகாய்ப் போத்தல் வரைக்கும் காட்ட வேண்டும். ஓரிடத்தை மறைத்தால் டோஸ்ட்ருப்புக்குப் போய்ச் சேருமுன் அதற்கு ஒரு கதை பிறந்துவிடும்.

நான் யோசித்தேன். அலுமாரியில் ஒரு சேலையைக் குறுக்கே கட்டித் தொங்க விட்டேன். தங்கச்சி ஊரிலிருந்து அனுப்பிய சிவப்புப் பட்டு, முந்தானையில் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு பெரிய மயில். அதற்கு முன்னால் ஒரு சின்ன மேசை. பூ, குத்துவிளக்கு, சாம்பிராணி. மேலே குசினி அலுமாரிக்குள் இருந்த பிள்ளையாரையும் இறக்கிக் கொண்டுவந்து வைத்தேன். சாமி இருக்கிற இடத்தில் ஒருவரும் துணியைத் தூக்கிப் பார்க்கமாட்டார்கள் என்பது என் கணக்கு. மகள் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள். நான் விளக்குத் திரியை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டேன். "ஸ்லாப் அவ், மோர்" என்றாள். கொஞ்சம் ஆறுதலாய் இரு அம்மா என்று அர்த்தம். நான் எப்படி ஆறுதலாக இருக்க?

அவர்கள் வந்தார்கள். தகப்பன் மெலிந்த மனிதர், பஸ் ஓட்டுகிறவர், மெல்லக் கதைக்கிறவர். தாய் வாய் நிறையச் சிரிக்கிறவர். பார்த்த உடனேயே அக்கா என்று கூப்பிட்டார். சாப்பாட்டு மேசையில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை, பழக்க தோஷத்தில் விபோர்க் கதையைத் தொடங்கிவிட்டேன். துவக்கு என்று சொல்ல வந்து, நாக்கைக் கடித்து, பழைய சாமான் என்று மாற்றினேன். வெறுங்கையோடு வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மகள் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு வீடு பார்க்கும் படலம். கெல்லர்ப் படியில் நான்தான் முன்னுக்கு இறங்கினேன். "இது எங்கடை சாமியறை" என்றேன். இதற்குப் பிறகு நடந்ததை நான் கணக்குப் போட்டிருக்கவில்லை.

சம்பந்தி அம்மா மயிலைப் பார்த்தார். சிவப்புத் திரையைப் பார்த்தார். முகம் அப்படியே மாறிவிட்டது.

"அக்கா, கதிர்காமம் மாதிரியெல்லே வைச்சிருக்கிறியள்" என்றார்.

கதிர்காமத்தில் முருகன் முன்னால் திரைதான் இருக்கும். திரைக்குப் பின்னால் இருப்பதை யாரும் காண்பதில்லை, திரையைத்தான் கும்பிடுவோம். நான் துவக்கு மறைக்கக் கட்டிய சேலை அவருக்குக் கதிர்காமமாகிவிட்டது. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, தோய்க்கிற மெசினுக்கும் அலுமாரிக்கும் நடுவில் முழங்காலில் இருந்து நெற்றியை நிலத்தில் வைத்தார். "முருகா, பிள்ளையள் ரெண்டையும் நல்லாய் வைச்சிரப்பா" என்று வாய்விட்டுச் சொன்னார். அவருடைய கணவரும் சப்பாத்தில்லாத கால்களைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூடினார். நான் என்ன செய்வது? நானும் கும்பிட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயத்தோடு நான் எந்தச் சாமியையும் கும்பிட்டதில்லை.

"எழும்புங்கோ தங்கச்சி" என்று ஒரு குரல் கேட்டது. என் கணவர். வாய் திறக்காத மனிதர் அந்த நேரம் பார்த்துத் திறந்தார். "அதுக்குள்ளை சாமி இல்லை. துவக்குகள் இருக்கு. நான் சேக்கிறனான். நீங்கள் அதுக்கு முன்னாலை விழுந்து கும்பிட என்னாலை பாத்துக்கொண்டு நிக்கேலாது."

மகள் படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. சம்பந்தி அம்மா எழும்பி முழங்காலைத் தட்டிக்கொண்டு தன் கணவரைப் பார்த்தார். அவர் சேலையில் இருந்த மயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டார்.

"திறவுங்கோ அண்ணை" என்றார்.

என் கணவர் பிள்ளையாரைத் தூக்கி மெசினுக்கு மேல் வைத்தார். சேலையை மடித்து என் கையில் தந்தார். கதவைத் திறந்து, அரைவாசி ஓக் இலை உள்ள துவக்கை எடுத்து, வெறுமையாக இருப்பதைக் காட்டினார். சம்பந்தி கிட்டே வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று கேட்டார்.

"இது ஆரையும் சுட்டதோ?"

"இல்லை" என்றார் என் கணவர்.

"அதுகள்?"

"ஒண்டும் இல்லை. தொழிற்சாலையிலை சோதிக்கச் சுட்டிருப்பாங்கள். அது மண்மேட்டை."

"எப்பிடி அண்ணை சொல்லுறியள்?"

என் கணவர் ஒரு வெள்ளைக் கடதாசியைக் குழாயின் ஒரு வாயில் பிடித்து, மறு வாயை அவர் பக்கம் நீட்டினார். கனக்கச் சுட்ட குழாயின் உள்ளே கோடு தேய்ந்துபோய் இருக்கும், இது கடைந்த அன்று போலக் கூராய் இருக்கிறது என்றார். போல்ட்டை எடுத்து, ரவையின் பித்தளை உரசின அடையாளம் இதில் இல்லை என்று காட்டினார். எந்த வீட்டில் இருந்து வந்தது, அந்த வீட்டுக்கு எப்படி வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் விசாரித்து வைத்திருந்ததைச் சொன்னார். அவர் இவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை. சம்பந்தி மெல்ல ஓரடி வைத்து வந்தார். குனிந்து ஒரு கண்ணை மூடிக் குழாய்க்குள் பார்த்தார்.

"நூறு வீதம் தெரியுமோ?"

"நூறு வீதம் ஆரும் சொல்லேலாது. ஐமிச்சம் எண்டால் நான் வாங்கிறேல்லை. இவ மேலை விபோர்க் கதை சொன்னவவெல்லே? அது துவக்குத்தான். குழாய் தேய்ஞ்சு கிடந்தது. அந்தம்மாவும் சொன்னவ, அதைக் கொண்டுவந்த பட்டாளத்தான் கிழக்கிலை கடைசி மட்டும் சண்டை பிடிச்சுப்போட்டுக் கப்பலிலை இஞ்சை வந்தவன் எண்டு. அதுக்குப் பிறகு நான் எப்பிடி அதை வீட்டை கொண்டுவாறது?"

"ஏன் அண்ணை அப்பிடி ஒரு கட்டுப்பாடு?"

அவர் என்னைப் பார்த்தார். கொஞ்சம் வெட்கப்பட்டார் என்றும் சொல்லலாம்.

"இவ சொன்னவ. முதல் முதல் நான் கேக்கேக்கை. ஆளைச் சுட்ட துவக்கு என்ரை வாசல்படி மிதிக்கக்கூடாது எண்டு. முந்தி முந்திச் செய்த துவக்கெல்லாம் எங்கையோ போய்ச் சண்டை பிடிச்சிருக்கும். அப்ப கடைசியாய்ப் பொருத்தினதுகளைத் தேடினன். இதுகள் போய்ச் சேரமுதல் சண்டை முடிஞ்சுது. அதாலைதான் இதுகள்."

அகப்பை நினைவுக்கு வந்தது. ஆட்டிறைச்சி மணம்கூட வந்தது. ஓம், சொன்னேன். அப்படித்தான் கத்தினேன். துவக்கே வேண்டாம் என்பதற்காகச் சொன்னது அது. அதற்குப் பிறகு நான் அதை மறந்து, சக்களத்தி என்று பெயர் வைத்து, வெறுங்கையோடு வந்த மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் சிரிப்பு மூட்டினேன். இந்த மனிதர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, யாழ்ப்பாணத்தில் சந்தியில் விழுந்த என் அண்ணாவுக்காக, இந்த ஜுட்லாந்துப் பகுதி முழுக்க யன்னல் யன்னலாகக் குழாய் பிடித்துப் பார்த்துக்கொண்டு திரிந்திருக்கிறார். டெனிஷ் நண்பர்கள் எல்லோரும் அதை அபூர்வ ரசனை என்று நினைத்திருக்கிறார்கள். நானும்தான். எனக்கு அழுகை வந்தது. அந்தப் பட்டுச் சேலையிலேயே முகத்தைத் துடைத்தேன்.

சம்பந்தி நிமிர்ந்தார். கையை எடுத்து, அரைவாசியில் நின்ற ஓக் இலையை ஒரு விரலால் தொட்டார். தொட்டுவிட்டு எடுத்துவிட்டார்.

"அண்ணை, ஆருக்கும் குடுக்காதேங்கோ" என்றார். "இஞ்சையே நிக்கட்டும். நிண்டால் காணும்."

"அப்ப நான் கும்பிட்டது வீண் இல்லை" என்றார் சம்பந்தி அம்மா. படியில் இருந்த மகள் அழுதுகொண்டே சிரித்தாள். எல்லோரும் மேலே போய்த் தேத்தண்ணி குடித்தோம். கலியாணத்துக்கு நாள் பார்க்கும் கதையை அவர்கள்தான் தொடங்கினார்கள்.

அவர்கள் போனபின் நான் அவரிடம் கேட்டேன். "நான் வேண்டாம் எண்டுதானே சொன்னனான். உங்களுக்கு அது விளங்கேல்லையோ?"

"விளங்கினது" என்றார். "ஆனா எனக்கும் ஆசையாய்க் கிடந்தது. நீர் ஒரு ஒழுங்கை, ஒரு சின்னப் பாதை விட்டிருந்தனீர். அதாலை போனன்."

மகளின் கலியாணம் முடிந்துவிட்டது. போன மாதம் ஒரு ஊரில் துவக்கு ஒன்று இருப்பதாக நண்பர் சொல்ல, நானும் வாறன் என்று வெளிக்கிட்டேன். இம்முறை கேக்கைத் தொடவில்லை. அந்த வீட்டுக்காரரிடம் முதல் கேள்வியை நான்தான் கேட்டேன், என் முதியோர் இல்லத்து டெனிஷில், சத்தமாக: இது யாரையாவது சுட்டதா? அவர் திடுக்கிட்டுப் போனார். தன் பாட்டனார் களஞ்சியத்தில் கண்டெடுத்தது, சுற்றியிருந்த தாள்கூடப் பிரிபடாமல் இருந்தது என்றார். இவர் குழாயை யன்னலுக்குப் பிடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, முதன்முறையாக என்னிடம் நீட்டினார்.

"நீர் பாரும்."

கனமாக இருந்தது. ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். உள்ளே கோடுகள் சுற்றிச் சுற்றிப் போயின, கூராக, பளிச்சென்று. கடைசியில் ஒரு சின்ன வட்டத்துக்குள் அந்த வீட்டு அப்பிள் மரம் நின்றது. அண்ணாவை நினைத்தேன். மரம் கலங்கிப் போனது. கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

"இது ஒருத்தரையும் சுடேல்லை" என்றேன். "வாங்குங்கோ. வீட்டை கொண்டு போவம்."